போடியாரின் அரிசியும் எங்கள் ஒரே சட்டியும்

"ஒருத்தரும் வாயில வெக்காதீங்க! வெச்ச ஆக்கள் துப்புங்க!"

எங்கள் ஊரின் பெரிய வயல்காரரான போடியார் பாடசாலை வாசலில் நின்று போட்ட சத்தம் அது. தலையில் தொப்பி இல்லை. ஒரு கையால் சாரனை மடித்துப் பிடித்திருந்தார். மற்றக் கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு. ஓட்டிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினாரா, அப்படியே விட்டுவிட்டு வந்தாரா தெரியவில்லை, அது வேலியோரம் சாய்ந்து கிடந்தது.

பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். மண்டபம் முழுக்கச் சோற்று ஆவியும் வல்லாரைச் சுண்டல் மணமும். பருப்பாணத்தை ஊற்றி முடித்துக் கரண்டியோடு நான் நிமிர்ந்தபோதுதான் இந்தச் சத்தம் கேட்டது.

பாதி வழியில் நின்ற கைகள், திறந்தபடி நின்ற வாய்கள். பிறகு முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் சொன்ன சொல் தட்டாமல் துப்பினான். பக்கத்திலிருந்தவளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் துப்பினான். அவள் அலறினாள். இன்னொருத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நான் முழுங்கிட்டனே டீச்சர், நான் மௌத்தாப் போயிருவனா?" என்று கேட்டாள்.

எனக்குப் பல்லி ஞாபகம்தான் வந்தது. சமையல் கொட்டிலுக்கு ஓடிச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சோறு, பல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சோறு என் வயிற்றிலும் கொஞ்சம் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஆசிரியர் பெரும்பாலும் நான்தான்.

திரும்பி வந்தபோது போடியார் மண்டபத்து நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஹாஜியார், என்ன நடந்த? சோத்துல நஞ்சா?"

"நஞ்சும் இல்ல, ஒண்டும் இல்ல டீச்சர். நல்ல அரிசி. என்ட அரிசி. அதுதான் பிரச்சின."

நல்ல அரிசி என்பது எப்படிப் பிரச்சினையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று தொடங்கிய குழப்பம் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

என் கணவரின் முறைப்பாடு

கிழமைதோறும் எழுதும் இந்தத் தொடரில் நான் பாடசாலையை விட்டு வெளியே வருவதே இல்லை என்று என் கணவருக்குக் குறை. தபால் கந்தோரில் காலம் தள்ளியவர். "ஒரு கிழமைக்காவது என்னப் பத்தி எழுதன்" என்கிறார். எழுதுகிறேன். இந்தக் கதையில் அவருக்கும் ஓரிடம் உண்டு. ஆனால் அது அவர் எதிர்பார்க்கிற இடம் இல்லை.

அப்போது நான் ஓய்வு பெறவில்லை. கல்முனைக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில், ஐந்தாம் ஆண்டோடு முடிகிற ஒரு சின்னப் பாடசாலை. ஒரு பக்கம் கரைவலை இழுக்கிற குடும்பங்கள். மறுபக்கம் மேற்கே வட்டை என்கிற வயல்வெளியில் நிலம் உள்ள வீடுகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எங்களிடம்தான் படித்தார்கள்.

சாப்பாட்டுத் திட்டம் முன்பும் இருந்தது. ஆனால் அது எல்லாருக்கும் இல்லை. இருப்பதைக் கொண்டு தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள் என்பார்கள். தேவையுள்ள பிள்ளை யார் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? எழுதியிருக்கவில்லை, நாங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுதிவிடும்.

ஹனா என்று ஒரு பிள்ளை. வாப்பா தோணியில் போகிறவர். உம்மா நபீலா விடியுமுன் எழுந்து கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். ஊருக்கு இடியப்பம் அவிக்கிற வீட்டிலிருந்து அந்தப் பிள்ளை பல நாள் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வரும். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து வருவாள், சோற்றை வாங்குவாள், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குவாள். மென்று சாப்பிட்டு நான் கண்டதில்லை. ஒருநாள் நபீலா வந்து, "என்ட புள்ளைர பேர வெட்டிருங்க டீச்சர், அவள் இரவைக்கு அழுறாள்" என்றாள்.

பிறகுதான் ஒரு புதுவருடத்தில் 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்று வந்தது. உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சே இல்லை. எனக்கு அன்று பெருநாள். பெயர் கூப்பிடுகிற வேலை போனது. ஹனா மற்றவர்களோடு வாங்கில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் அத்னான், போடியாரின் பேரன்.

எங்கள் ஊர் வழக்கப்படி மகளும் மருமகனும் போடியாரின் வளவில்தான். பேரனுக்கு வீட்டிலிருந்து கோழிப் பொரியலோடு பெட்டி வரும். கொஞ்ச நாளில் அவன் அந்தப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டான். சட்டிச் சோறுதான் வேண்டுமாம். கோழிப் பொரியல் ஹனாவுக்குப் போனது, அவளுடைய முட்டைத் துண்டு அவனுக்கு வந்தது. நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

அரிசி வந்த வழி

அந்த வருடம் மழை விட மனமில்லாமல் பெய்தது. களஞ்சிய அறையின் கூரை ஒழுகி, அரிசி மூடைகள் நனைந்தன. சுகாதாரப் பரிசோதகர் வந்து மூக்கைச் சுளித்து, இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றார். புதிய அரிசி வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டால், வரும் என்றார்கள்.

அதிபர் நல்ல மனிதர், ஆனால் பதறுகிற பேர்வழி. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் போடியாரைக் கண்டு, "ஹாஜியார், புள்ளையளுக்கு ஆக்க அரிசி இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பெரும்போக நெல்வெட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. போடியாருக்கு எதையும் ஆறப் போட்டுச் செய்யத் தெரியாது. "நாளைக்கு வரும்" என்றார். வந்தது. உழவு இயந்திரப் பெட்டி நிறைய மூடைகள்.

நாங்கள் கையேந்தி அவருக்காக துஆச் செய்தோம். ஆக்கினோம். பிள்ளைகள் சில நாட்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அது என்ன அரிசி என்று யாரும் கேட்கவில்லை. இலவசமாக வந்த அரிசியிடம் யார் பூர்வீகம் விசாரிப்பார்கள்?

குட்டை உடைத்தவன் அத்னான். சத்தம் போட்ட அன்று காலை தடிமன் என்று வீட்டில் நின்றவன், தேத்தண்ணி குடிக்கும்போது போடியாரிடம் சும்மா சொல்லியிருக்கிறான். "மூத்தவாப்பா, பள்ளிக்கூடத்துலயும் நம்மட சோறுதான் தாறாங்க. அதே மணம்."

மூத்தவாப்பா கோப்பையை வைத்தார். தொப்பியை எடுக்க மறந்து புறப்பட்டார்.

விசயம் இதுதான். அவர் அனுப்பியது சும்மா அன்பளிப்பு இல்லை, அவருடைய நெல்லுக்கான ஸகாத். விளைச்சலில் ஏழைகளுக்குக் கொடுத்தே தீர வேண்டிய பங்கு. அது ஏழையின் உரிமை. வசதியுள்ளவர் அதைத் தின்னக் கூடாது. கொடுப்பவரின் பிள்ளைக்கோ பேரனுக்கோ அது போய்ச் சேரவும் கூடாது. போடியார் முழுப் போகத்துக்குமான ஸகாத்தையும் கணக்குப் பார்த்து முதல் வெட்டிலேயே முன்கூட்டி அனுப்பிவிட்டார்.

"இலவசச் சாப்பாடு எண்டா ஏழைப் புள்ளையளுக்குத்தானே எண்டு நினைச்சிட்டன் டீச்சர்" என்றார் அலுவலக அறையில் உட்கார்ந்ததும். "என்ட பேரனும் திங்கிறான் எண்டது மனசுல வரவே இல்ல. இப்ப என்ட ஸகாத் நிறைவேறினதா, இல்லையா? மௌத்தானா அல்லாஹ்ட்ட நான் என்னத்தச் சொல்ற?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. சிரிக்க நினைத்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலக அறையில் நான்கு பேர்

அதிபர், போடியார், நான், எங்கள் மௌலவி. மௌலவி எங்கள் பாடசாலையில் இஸ்லாம் படிப்பிப்பவர். ஓதி முடித்துப் பட்டம் வாங்கி அதிக காலம் ஆகவில்லை. தாடிகூட இன்னும் முடிவெடுக்காத தாடி. அவரை நடுவில் உட்கார வைத்து, மூன்று பேரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியாமத் திண்டது குத்தம் இல்ல" என்றார் முதலில். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"இண்டைக்கு ஆக்கின சோறு?"

"அது... ஆக்கியாச்சி. வீணாக்க ஏலா. திங்கட்டும். வசதியுள்ள புள்ளையள் திண்ட அளவுக்கு ஹாஜியார் வேற அரிசி ஏழையளுக்குக் குடுக்கணும்."

"குடுக்கிறன்" என்றார் போடியார் உடனே. "மிச்சம் இரிக்கிற மூடையளயும் நான் ஸதகா, சும்மா தருமம் எண்டு மாத்திடுறனே? அப்ப எல்லாரும் திங்கலாம்தானே?"

மௌலவி யோசித்தார். ஏலும் என்றார். கொஞ்சம் பொறுத்து, ஏலாது என்றார். "ஸகாத் எண்டு மனசுல நிய்யத்து வெச்சிக் குடுத்தாச்சி. இனி அது ஏழைர ஹக்கு, அவங்கட உரிமை. உங்களுக்கு அதுல கை வெக்க ஏலா."

"வேற அரிசி தாறன்."

"எப்ப?"

போடியார் தலையைச் சொறிந்தார். மிச்ச நெல் இன்னும் வட்டையில் நின்றது. வயல் காய்ந்து வெட்டு மெசின் இறங்கப் அடுத்த புதன்கிழமையாவது ஆகுமாம். அரசாங்க அரிசியும் அந்தக் கிழமை கடைசியில் வரும் என்றுதான் அதிபருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் அதிபர் அந்த யோசனையைச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அப்ப அதுவரைக்கும் இந்த அரிசிய ஏழைப் புள்ளையளுக்கு மட்டும் ஆக்குவமே. மத்தாக்கள் வீட்டுச் சட்டியிலருந்து கொண்டு வரட்டும். ரெண்டு சட்டி, ரெண்டு வரிசை. கொஞ்ச நாள்தானே?"

மௌலவியும் தலையாட்டினார். மார்க்கப்படி அது சரி.

எனக்கு ஹனாவின் முதுகுதான் கண்ணில் நின்றது, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் சுவரைப் பார்த்த முதுகு. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வேண்டாம் என்றால் ஏழைப் பிள்ளைகளின் உரிமையான அரிசி மூடையில் கிடக்க, அந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்ட பாவம் யாருக்கு? இரண்டு சட்டி வைத்தால் சோறு உண்டு, மானம் இல்லை. ஒரே சட்டி என்றால் மானம் உண்டு, சோறு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

கந்தூரிச் சோறு

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிவாசல் கந்தூரி என்றால் ஊரே திரளும். பெரிய கிடாரங்களில் இறைச்சிச் சோறு வேகும் மணம் தெருக்கோடி வரை வரும். பனை ஓலைப் பெட்டியில் அந்தச் சோற்றை வாங்கி வருவோம். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை, ஆனாலும் வாங்குவோம். கடைக்கார முதலாளி வீட்டுக்கும் ஒரு பெட்டி போகும். முதலாளி ஒரு கவளமாவது வாயில் வைப்பார். பறக்கத்து, இறைவனின் அருள் என்பார். கந்தூரிச் சோறு வாங்கியவன் ஏழை என்று யாரும் நினைத்ததில்லை.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். சாக்கு மணக்கிற, கல் மாதிரி பிஸ்கட். தலைமை ஆசிரியரின் மகளும் அதை எங்களோடு சேர்ந்து கடித்தாள். அவளுக்கும் பல் வலித்தது.

இதை நான் அந்த அறையில் மௌலவியிடம் கேட்டேன். "கந்தூரிச் சோறும் இல்லாதவனுக்கு எண்டுதானே ஆக்கிற? அத முதலாளி திங்கலாம், இத திங்கப்படாதா? ரெண்டும் அரிசிதானே?"

"அது விரும்பிக் குடுக்கிற டீச்சர். இது கடமை."

"கடமைய விட விருப்பம் லேசா?"

மௌலவி பாவம், முடிவெடுக்காத தாடியைத் தடவினார். எனக்கு அவரை மடக்கும் எண்ணமே இல்லை. எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன்.

நபீலா உள்ளே வந்தாள்

இதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. போனது ஸகாத் செய்தி இல்லை, பாடசாலைச் சோற்றில் நஞ்சு என்ற செய்தி. வாசலில் தாய்மார் கூட்டம். பரிசோதகருக்கும் பொலிசுக்கும் யாரோ டெலிபோன் கோல் எடுத்துவிட்டார்களாம். அதிபர் வெளியே ஓடி, நஞ்சு இல்லை, நஞ்சு இல்லை என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்தப் பதட்டத்தில் இரண்டு சட்டி யோசனையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

நபீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தாள். இடியப்ப மா காய்ந்த கை. முக்காடு நழுவியிருந்தது. போடியாரைக் கண்டதும் அதை இழுத்துவிட்டாள்.

"ரெண்டு சட்டி வெக்கப் போறீங்களா டீச்சர்?"

எனக்கு முந்திக்கொண்டு அதிபர்தான், "கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள. உங்கட உரிமைதான் அது" என்றார்.

"உரிமையா?" என்றாள். "ரெண்டு சட்டி வெச்சா என்ட மகள் எந்தச் சட்டி எண்டு ஊருக்கே தெரியும். நீங்க உரிமை எண்டுவீங்க, புள்ளையள் வேற பேர் வெச்சிக் கூப்பிடும். இப்பதான் அவள் வாங்குல இரிந்து திங்கிறாள். அத எடுத்துட்டு சோறு தந்தா அவள் திங்கமாட்டாள். நான் அவள வெறும் வயித்தோடயே அனுப்புறன் சேர். ஏழை எண்டு வரிசைல நிக்க வெக்க மாட்டன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். போய்விட்டாள். போடியார் தலையைக் குனிந்தபடி இருந்தார். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கும் குழப்பம்.

மௌலவி எழுந்து மாமரத்தடிக்குப் போய்த் தனக்கு ஓதித் தந்த உஸ்தாதுக்குக் கோல் எடுத்தார். நீண்ட கோல். நடந்துகொண்டே, தலையாட்டிக்கொண்டே, ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே கேட்டார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஸகாத்த சட்டிக்குள்ள போட்ட நம்மட பிழை" என்றார். "அத ஏழைர கையில குடுக்கணும். குடுத்திட்டா அவங்கதான் சொந்தக்காரங்க. மறுகா அவங்க ஆக்கலாம், விக்கலாம், விரும்பின ஆக்களுக்குக் குடுக்கலாம். ஏழைர கையால வாறது ஸகாத் இல்ல, அன்பளிப்பு. அத பணக்காரனும் திங்கலாம்."

அதிபர் துள்ளி எழும்பினார். "அப்ப லேசு! குடுத்திட்டு, பாடசாலைக்குத் திருப்பித் தாங்க எண்டு கேப்பம்!"

"கேக்கவே படாது சேர்" என்றார் மௌலவி. அவர் இவ்வளவு அழுத்திச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "கேட்டா அது குடுத்த மாதிரி பேய்க்காட்டுற. உஸ்தாத் அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. கண்ணாலயும் கேக்கப்படாது."

என் மனம் போன போக்கு

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூடைகள் வீடு வீடாகப் போயின. பள்ளிவாசல் ஆட்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்லித் தர வேண்டியதில்லை. திங்களும் செவ்வாயும் பாடசாலையில் சாப்பாடு இல்லை என்று அதிபர் அறிவித்தார்.

வீட்டில் என் கணவருக்கு வேறு கதையே இல்லை. "வாங்க, ஸகாத் திண்ட டீச்சர். இந்த வீட்டுல என்ன குறையெண்டு அங்க போய்த் திண்ட?" இதுதான் அவருக்கான இடம். போதும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போனேன். நபீலாவின் வேலியைக் கடக்கும்போது சோறு கொதிக்கிற மணம் வந்தது. பகல் நேரத்தில் அந்த வீட்டில் அந்த மணம் அபூர்வம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சொன்ன கையோடு, ஐயோ ஆக்கி முடிக்கிறாளே என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. வயிறு நிறையட்டும் என்று கொடுத்த அரிசியை அவள் ஆக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட நான் யார்? ஒரே சட்டி வேண்டும் என்ற என் ஆசைக்கு அவளுடைய அரிசியா விலை? மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்து அதற்கும் பேச்சு வாங்கினேன்.

திங்கட்கிழமை

மணி அடிக்கும் முன்பே நபீலா வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு சீலைப் பை. பின்னால் இன்னும் சில தாய்மார். எல்லாரும் வரவில்லை. வராதவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"முழுக்கத் தரல்ல டீச்சர்" என்றாள் பையை மேசையில் வைத்து. "எங்கட வீட்டுலயும் சட்டி இரிக்கி."

நான் மௌலவியைப் பார்த்தேன். அவர் பையைத் தொடவில்லை.

"ராத்தா, ஆரும் உங்களுட்ட கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா தந்திரிக்க மாட்டன்."

"வெக்கத்துக்கோ, பயத்துக்கோ தாறீங்களா?"

"மௌலவி, இந்த அரிசி என்டதா, இல்லையா?"

"உங்கடதான்."

"அப்ப நான் விரும்பின ஆக்களுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்."

"போடியார்ர பேரனுக்கும்?"

"அவனுக்கும் குடுக்கலாம்."

"அப்ப ஒரு சட்டியில ஆக்குங்க" என்று சொல்லிக் கொட்டிலுக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

எல்லாப் பைகளையும் சேர்த்துக் கொட்டினாலும் சோறாக்கப் போதாது. அதனால் கஞ்சி என்று முடிவானது. நோன்புக் கஞ்சி மாதிரியே, தேங்காய்ப் பாலும் உள்ளியும் வெந்தயமும் ரம்பை இலையும் போட்டு. நோன்புக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. மணம் வகுப்புகளுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது.

"டீச்சர், இண்டைக்கு நோம்பா?"

"நோம்பு இல்ல."

"அப்ப ஏன் கஞ்சி?"

"கஞ்சி குடிக்க ஆசைல."

"நோம்பு எண்டா பொழுதுபட்டு மஃரிபுக்குத்தானே டீச்சர் குடிக்கிற? இப்ப குடிச்சா நோம்பு முறியாதா?"

இல்லாத நோன்பு முறியுமா முறியாதா என்ற கேள்விக்கு நானும் ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கிழமை முழுக்க என் மூளை அந்த நிலையில்தான் இருந்தது.

கஞ்சி ஊற்றினோம். ஒரே வரிசை. ஹனாவும் அத்னானும் அதே வாங்கில். அத்னான் மெதுவாக ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஹனா அவனுடைய கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "நல்லாக் குடி. முடிஞ்சா இன்னும் இரிக்கி. எங்கட உம்மாட கஞ்சி" என்றாள். அவளுடைய குரல் இவ்வளவு பெரிது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அடுப்புப் புகை என்று யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். போடியார். இந்த முறை தொப்பி இருந்தது. தன் ஸகாத் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று மௌலவியிடம் கேட்க வந்திருந்தார். மண்டபத்தில் பேரன் மறுபடியும் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தார். மௌலவி ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். போடியார் வாயை மூடினார்.

நபீலா ஒரு கோப்பையில் கஞ்சி ஊற்றி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஹாஜியார், வந்தது வந்தீங்க. ஒரு கோப்ப குடிச்சிட்டுப் போங்க. என்ட அரிசி."

ஊரில் எத்தனையோ வாசலில் எத்தனையோ பேருக்கு அள்ளிக் கொடுத்த மனிதர். அவருடைய கைகள் வாங்கிப் பழகாத கைகள். ஒரு கையை நீட்டினார். பிறகு மற்றக் கையையும் நீட்டி, இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கினார். உட்கார வேறு இடம் இல்லாததால் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்.

குடிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தார், நபீலாவைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"டீச்சர், இப்ப ஆரு ஆருக்குக் குடுத்த?"

"தெரியா ஹாஜியார்" என்றேன். "கஞ்சி ஆறுது, குடிங்க."

அவர் பிஸ்மி சொல்லிக் குடித்தார்.